இணையப் பக்கம் மெதுவாகத் திறத்தல்: காரணம் கண்டறிதலும் சரிசெய்தலும்

இணையப் பக்கம் மெதுவாகத் திறத்தல் என்பது, பயனர் ஒரு முகவரியைத் தட்டிய நேரத்திலிருந்து அப்பக்கம் படிக்கவும் பயன்படுத்தவும் ஏற்ற நிலைக்கு வரும் வரையிலான காத்திருப்பு இயல்புக்கு மேல் நீளும் சிக்கலாகும். இது ஒரே ஒரு பழுதால் ஏற்படுவதன்று. பெயரைத் தேடுதல், இணைப்பு ஏற்படுத்துதல், வழங்கி பக்கத்தை உருவாக்குதல், கோப்புகள் வந்து சேர்தல், உலாவி அவற்றைத் திரையில் வரைதல் எனப் பல படிகள் உள்ளன. இவற்றுள் எந்தப் படியில் நேரம் செலவாகிறது என்பதைப் பொறுத்தே தீர்வும் அமையும். ஆகவே அளந்து பார்த்துக் காரணத்தைக் கண்டறிவதே இப்பணியின் முதல் பகுதி. திருத்துவது அதற்கு அடுத்தது.

## முக்கியத்துவம்

மனிதர் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பர் என்பது இணையத்துக்கு முன்பே ஆராயப்பட்ட ஒன்று. பயன்பாட்டியல் அறிஞர் யாக்கோப் நீல்சன் 1993இல் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளைக் குறிப்பிட்டார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் அது உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை சிந்தனை ஓட்டம் தடைப்படாது. 10 நொடியைத் தாண்டினால் பயனரின் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும்.

கூகுள் தேடுபொறி 2010 முதல் தளத்தின் வேகத்தையும் தரவரிசைக்கான காரணிகளுள் ஒன்றாகக் கொண்டது. 2018இல் இது கைப்பேசித் தேடலுக்கும் விரிந்தது.

மெதுவான பக்கத்தின் சுமை எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. தளத்தை உருவாக்குபவர் பெரும்பாலும் விரைவான கணினியிலும் கம்பிவழி இணைப்பிலும் அதைப் பார்க்கிறார். அவருக்கு 2 நொடியில் திறக்கும் பக்கம், விலை குறைந்த கைப்பேசியில் வலுவற்ற சமிக்ஞையோடு இருப்பவருக்கு அரை நிமிடம் எடுக்கலாம். விண்ணப்பத்தின் கடைசி நாளில் படிவத்தைத் திறக்க முயலும் மாணவருக்கு அந்த அரை நிமிடம் வாய்ப்பையே இழக்கச் செய்யலாம். அளவுக்கு மீறிய கோப்புகள் அவருடைய டேட்டாவையும் தின்கின்றன.

## பக்கம் திறக்கும்போது நடப்பவை

முகவரியைத் தட்டியதும் கீழ்க்கண்டவை வரிசையாக நடக்கின்றன.

1. பெயர்த் தேடல்: தளத்தின் பெயருக்குரிய ஐபி முகவரியை டிஎன்எஸ் அமைப்பிடம் உலாவி கேட்டறிகிறது.
2. இணைப்பு: உலாவியும் வழங்கியும் டிசிபி முறையில் கைகுலுக்கிக் கொள்கின்றன. இதற்கு ஒரு முறை போய்வரும் நேரம் ஆகும்.
3. பாதுகாப்பு உடன்பாடு: எச்டிடிபிஎஸ் தளங்களில் மறையாக்கத்துக்கான சாவிகள் பரிமாறப்படுகின்றன. டிஎல்எஸ் 1.2 பதிப்பில் இதற்கு இரண்டு சுற்றும், 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 பதிப்பில் ஒரு சுற்றும் தேவை.
4. கோரிக்கையும் காத்திருப்பும்: உலாவி பக்கத்தைக் கேட்கிறது. வழங்கி நிரலை இயக்கி, தரவுத்தளத்தை வினவி, எச்டிஎம்எல் ஆவணத்தை உருவாக்கி அனுப்பத் தொடங்குகிறது. கோரிக்கையின் தொடக்கத்திலிருந்து முதல் பைட் வந்து சேரும் வரையான நேரம் 'முதல் பைட் நேரம்' எனப்படும்.
5. துணைக் கோப்புகள்: எச்டிஎம்எல்லைப் படிக்கும் உலாவி, அதில் குறிப்பிடப்பட்ட சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு, படம் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுப் பெறுகிறது.
6. வரைதல்: வந்தவற்றைக் கொண்டு உலாவி பக்கத்தின் அமைப்பைக் கணக்கிட்டுத் திரையில் தீட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களும் இயங்குகின்றன.

இவற்றுள் முதல் நான்கு படிகள் முடியும் வரை திரை வெறுமையாகவே இருக்கும். ஐந்தாம், ஆறாம் படிகளில் பக்கம் சிறிது சிறிதாகத் தோன்றும். பக்கம் வெறுமையாக நின்றதா, பாதி வந்து நின்றதா, முழுதும் தெரிந்தும் தொட்டால் அசையாமல் இருந்ததா என்று பயனரைக் கேட்டாலே பழுது இருக்கும் இடம் குறித்து முதல் குறிப்புக் கிடைத்துவிடும்.

## அளவிடுதல்

### உலாவியின் கருவிகள்

குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் முதலிய உலாவிகளில் எஃப்12 விசையை அழுத்தினால் உருவாக்குநர் கருவிகள் திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்னும் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மீண்டும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கோப்பும் எப்போது கேட்கப்பட்டது, எவ்வளவு காத்திருந்தது, எவ்வளவு நேரம் பதிவிறங்கியது என்பதைப் படிப்படியாக இறங்கும் பட்டைகளாக அது காட்டும். இதனை 'அருவி வரைபடம்' என்பர்.

அளக்கும்போது தற்காலிகச் சேமிப்பை முடக்கும் தெரிவை இயக்க வேண்டும். இல்லையெனில் முன்பே சேமித்த கோப்புகளை உலாவி எடுத்துக்கொண்டு, புதிய பயனருக்குக் கிடைக்காத வேகத்தைக் காட்டிவிடும். அதே பகுதியில் இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கவும் வழி உண்டு. நீட்சிகள் அளவீட்டைக் கெடுக்காதிருக்கத் தனிப்பட்ட சாளரத்தில் சோதிப்பது நல்லது. ஒரே ஒரு அளவீட்டை நம்பாமல் ஐந்து முறையாவது அளந்து நடுமதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

### ஆய்வக அளவும் கள அளவும்

கூகுளின் லைட்ஹவுஸ் போன்ற கருவிகள் வரையறுக்கப்பட்ட சூழலில் பக்கத்தைத் திறந்து அளப்பவை. இது ஆய்வக அளவு. லைட்ஹவுஸின் இயல்பான கைப்பேசிச் சோதனை, நொடிக்கு 1.6 மெகாபிட் வேகமும் 150 மில்லிநொடி தாமதமும் உள்ள இணைப்பைப் போலப் பாவிக்கிறது. உண்மையான பயனர்களின் உலாவிகளிலிருந்து திரட்டப்படுவது கள அளவு. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் கருவி, போதிய வருகை உள்ள தளங்களுக்கு கடந்த 28 நாள் கள அளவையும் சேர்த்துத் தருகிறது. ஆய்வக அளவு காரணத்தைத் தேட உதவும். பயனர்கள் உண்மையில் துன்பப்படுகிறார்களா என்பதைச் சொல்வது கள அளவே.

### குறியீடுகள்

2020இல் கூகுள் அறிவித்த அடிப்படைக் குறியீடுகள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன.

- எல்சிபி: திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ வரையப்படும் நேரம். 2.5 நொடிக்குள் இருப்பது நல்லது.
- ஐஎன்பி: பயனர் தொட்டதற்கோ தட்டச்சிட்டதற்கோ பக்கம் காட்டும் பதிலின் தாமதம். 200 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது. இது 2024 மார்ச்சில் பழைய எஃப்ஐடி குறியீட்டுக்கு மாற்றாக வந்தது.
- சிஎல்எஸ்: பக்கம் திறந்திருக்கும் காலம் முழுவதும் அதன் உறுப்புகள் எதிர்பாராமல் இடம் பெயரும் அளவு. 0.1க்குள் இருப்பது நல்லது.

இவை சராசரியாகக் கணக்கிடப்படுவதில்லை. நூற்றுக்கு 75 வருகைகளாவது இந்த எல்லைக்குள் அமைய வேண்டும் என்பதே அளவுகோல். சராசரி பார்த்தால் விரைவான இணைப்பு உடையவர்களின் எண்கள் மற்றவர்களின் துன்பத்தை மறைத்துவிடும். இவற்றோடு, முதல் பைட் நேரம் 0.8 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பதும் கூகுளின் பரிந்துரையாகும்.

### ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரியின் முகப்புப் பக்கம் திறக்க 11.4 நொடி ஆவதாகக் கொள்வோம். வரைபடத்தில் பெயர்த் தேடல் 0.1, இணைப்பு 0.4, வழங்கியின் காத்திருப்பு 3.1, எச்டிஎம்எல் பதிவிறக்கம் 0.1, நிரல் கோப்புகள் 1.2, எழுத்துரு 0.8, ஆறு புகைப்படங்கள் 5.7 நொடி எனத் தெரிகிறது. 'வழங்கி போதவில்லை' என்று முடிவு செய்து இரு மடங்கு விரைவான வழங்கியை வாடகைக்கு எடுத்தால் குறைவது ஏறத்தாழ 1.5 நொடி மட்டுமே. அதற்கு மாதந்தோறும் பணமும் செலவாகும். பணம் செலவில்லாமல் படங்களைச் சுருக்கினாலே 5 நொடிக்கு மேல் குறையும்.

அந்த ஆறு படங்களும் சேர்ந்து 12 மெகாபைட், அதாவது 96 மெகாபிட் எனில், நொடிக்கு 1.6 மெகாபிட் கிடைக்கும் கைப்பேசிக்கு அவற்றைப் பெறவே ஒரு நிமிடம் ஆகும். படம் ஒன்றுக்கு 100 கிலோபைட் ஆகச் சுருக்கினால் அது 3 நொடியாகும். கல்லூரி அலுவலகத்தில் இருந்து பார்த்தவருக்கு 6 நொடிச் சிக்கலாகத் தெரிந்தது, மாணவருக்கு ஒரு நிமிடச் சிக்கலாக இருந்திருக்கிறது.

## வழங்கிப் பக்கத் தாமதம்

முதல் பைட் நேரம் அதிகமாக இருந்தால் பழுது வழங்கியிலோ வலையமைப்பிலோ உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. அதே வழங்கியிலிருந்து படம் போன்ற மாறாத கோப்பு ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அது உடனே வந்து, பக்கம் மட்டும் தாமதித்தால் நிரலோ தரவுத்தளமோ காரணம். இரண்டுமே தாமதித்தால் வலையமைப்போ, வழங்கியின் மேல் உள்ள பொதுச் சுமையோ காரணம்.

### தரவுத்தளம்

வழங்கிப் பக்கத் தாமதங்களில் தரவுத்தளமே அடிக்கடி காரணமாகிறது. இரண்டு பிழைகள் மிகப் பரவலானவை.

முதலாவது, தேடல் அட்டவணை இல்லாமை. நூலின் பின்னிணைப்பில் சொல்லடைவு இருந்தால் வேண்டிய பக்கத்தை நேரே புரட்டலாம். இல்லையெனில் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தரவுத்தளத்தில் 'இன்டெக்ஸ்' செய்வது அந்தச் சொல்லடைவின் வேலையை. 500 பதிவுகள் இருக்கும்போது அது இல்லாதது தெரியாது. பதிவுகள் 5 இலட்சம் ஆகும்போது ஒவ்வொரு வினவலும் அத்தனையையும் புரட்டும். தொடக்கத்தில் விரைவாக இருந்த தளம், யாரும் எதையும் மாற்றாமலேயே ஆண்டுக்கு ஆண்டு மெதுவாவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

இரண்டாவது, வினவல்களின் பெருக்கம். 50 கட்டுரைகளின் பட்டியலை ஒரு வினவலில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் பெயரைத் தனித்தனியே வினவினால் மொத்தம் 51 வினவல்கள் ஆகும். இணைப்பு வினவலாக எழுதினால் ஒன்றே போதும். தனித்தனியே ஒவ்வொன்றும் விரைவாக இருப்பதால், எண்ணிப் பார்க்காத வரை இது கண்ணில் படாது.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் மெதுவான வினவல்களைப் பதிவு செய்யும் வசதி உண்டு. இயல்பாக அதன் எல்லை 10 நொடி. இணையதளத்துக்கு இது மிகப் பெரியது. 1 நொடியோ அதற்கும் குறைவாகவோ மாற்றி வைத்தால்தான் பயன் தரும். அகப்பட்ட வினவலின் முன் 'எக்ஸ்ப்ளெய்ன்' என்னும் கட்டளையைச் சேர்த்து இயக்கினால், எத்தனை வரிசைகளைப் புரட்ட நேரும், எந்த இன்டெக்ஸ் பயன்படும் என்பது தெரியும்.

### செருகுநிரல்களும் வெளிச் சேவைகளும்

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களில் தேவையற்ற செருகுநிரல்கள் ஒவ்வொரு கோரிக்கையிலும் இயங்கிச் சுமை கூட்டலாம். ஒவ்வொன்றாக நிறுத்தி அளந்து பார்ப்பதே கண்டறியும் வழி. இதனை மெய்யான தளத்தில் செய்யாமல் அதன் நகலில் செய்ய வேண்டும். மேலும், பக்கத்தை உருவாக்கும் நடுவில் வழங்கி வேறொரு தளத்திடம் வானிலையோ நாணய மதிப்போ கேட்டுக் காத்திருந்தால், அந்தத் தளம் மெதுவாகும்போது இதுவும் மெதுவாகும். இத்தகைய தகவலை முன்கூட்டியே பெற்றுச் சேமித்து வைப்பது முறை.

## தொலைவால் வரும் தாமதம்

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். போய்வர 27,000 கிலோமீட்டர் என்பதால், வேறு எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் ஒரு சுற்றுக்கு 135 மில்லிநொடி ஆகும். கடலடிக் கம்பிகள் சுற்றிச் செல்வதால் உண்மையில் 200 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. டிசிபி, டிஎல்எஸ், கோரிக்கை என மூன்று சுற்றுகளைக் கூட்டினால், வழங்கி ஒரு கணமும் எடுக்காமல் பதில் தந்தாலும் முதல் பைட் வர 0.6 நொடி கடந்துவிடும்.

இங்குப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. இணைப்பின் கொள்ளளவு வேறு, தாமதம் வேறு. கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறினால் கொள்ளளவு கூடும், ஆனால் தொலைவு குறையாது. புதிய டிசிபி இணைப்பில் முதல் சுற்றில் அனுப்பப்படுவது வழக்கமாக 10 பொட்டலங்கள், அதாவது ஏறத்தாழ 14 கிலோபைட் மட்டுமே. பிறகே அளவு படிப்படியாகக் கூடும். சிறு கோப்புகள் நிறைந்த பக்கங்களில் தாமதமே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

தீர்வுகள் இரண்டு. வாசகர்கள் பெரும்பாலும் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தால் வழங்கியை மும்பை, சிங்கப்பூர் போன்ற அண்மை இடத்தில் வைக்கலாம். வாசகர்கள் பல நாடுகளில் இருந்தால் உள்ளடக்க வழங்கல் வலையமைப்பைப் பயன்படுத்தலாம். இது உலகின் பல நகரங்களில் கோப்புகளின் நகல்களை வைத்திருந்து, பயனருக்கு அருகில் உள்ள இடத்திலிருந்து தரும். இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றான அகாமய், எம்ஐடி பல்கலைக்கழகத்தின் டாம் லெய்டன், டேனியல் லெவின் ஆகியோரின் முயற்சியால் 1998இல் தொடங்கப்பட்டது.

நெறிமுறையின் பதிப்பும் முக்கியம். எச்டிடிபி/1.1 பதிப்பில் உலாவிகள் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகள் வரையே திறக்கும். ஏழாவது கோப்பு காத்திருக்க வேண்டும். 2015இல் தரப்படுத்தப்பட்ட எச்டிடிபி/2, ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஒருங்கே அனுப்புகிறது. 2022இல் தரப்படுத்தப்பட்ட எச்டிடிபி/3, பொட்டலங்கள் தொலையும் கைப்பேசி இணைப்புகளில் ஒரு கோப்பின் தடங்கல் மற்றவற்றை நிறுத்தாதபடி செய்கிறது.

## படங்கள்

கைப்பேசியில் எடுக்கப்படும் 12 மெகாபிக்சல் புகைப்படம் 4000 × 3000 புள்ளிகள் கொண்டது. அதன் அளவு பல மெகாபைட் இருக்கும். ஆனால் கைப்பேசித் திரையின் அகலமோ பெரும்பாலும் 1080 புள்ளிகள்தான். அத்திரைக்குத் தேவையான 1080 × 810 அளவில் ஏறத்தாழ 8.75 இலட்சம் புள்ளிகளே உள்ளன. அதாவது அனுப்பப்படும் 14 புள்ளிகளில் 13 வீணாகின்றன. மேலும் உலாவி படத்தை விரிக்கும்போது புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் நினைவகம் செலவாகும். நினைவகம் குறைந்த கைப்பேசிகள் திணறுவதற்கு இதுவும் காரணம்.

சரிசெய்யும் வழிகள்:

- காட்டப்படும் அளவுக்கேற்பப் படத்தைச் சிறிதாக்குதல். சிஎஸ்எஸ்ஸில் அகலத்தைக் குறைப்பது தோற்றத்தை மட்டுமே மாற்றும். கோப்பின் அளவு குறையாது.
- புகைப்படங்களுக்கு ஜேபெக், வெப்பி, ஏவிஃப் வடிவங்களைப் பயன்படுத்துதல். பிஎன்ஜி வடிவம் கோட்டுப் படங்களுக்கும் திரைப்பிடிப்புகளுக்கும் ஏற்றது. புகைப்படங்களுக்கு அது மிகப் பெரிதாகும்.
- பல அளவுகளில் படத்தை ஆக்கி வைத்து, திரைக்கேற்ற ஒன்றை உலாவியே தேர்ந்துகொள்ளச் செய்தல்.
- பக்கத்தின் கீழே உள்ள படங்களைப் பயனர் அருகில் வரும்போது மட்டும் ஏற்றுதல். மேலே முதலில் தெரியும் முதன்மைப் படத்துக்கு இதைச் செய்யக் கூடாது. செய்தால் எல்சிபி நேரம் கூடிவிடும்.
- படத்தின் அகல உயரங்களை எச்டிஎம்எல்லில் குறிப்பிடுதல். அப்போது உலாவி இடத்தை முன்பே ஒதுக்கிவிடும். படிக்கும் வரி திடீரென்று கீழே நகராது.

## நிரல் கோப்புகள்

பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள சிஎஸ்எஸ் கோப்பு வந்து சேரும் வரை உலாவி எதையும் வரையாது. சாதாரண முறையில் இணைக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்போ, எச்டிஎம்எல்லைப் படிப்பதையே நிறுத்தி வைக்கும். 'டிஃபர்' என்னும் பண்பைச் சேர்த்தால் கோப்பு பின்னணியில் இறங்கி, ஆவணம் முழுதும் படிக்கப்பட்ட பின்னரே இயங்கும்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் செலவு பதிவிறக்கத்தோடு முடிவதில்லை. 200 கிலோபைட் படத்தை விரித்தால் வேலை முடிந்தது. 200 கிலோபைட் நிரலையோ படித்து, மாற்றி, இயக்க வேண்டும். இவ்வேலையும் பயனரின் தொடுகைக்குப் பதில் தருவதும் உலாவியின் ஒரே முதன்மை இழையில் நடக்கின்றன. 50 மில்லிநொடிக்கு மேல் நீளும் வேலை 'நீண்ட பணி' எனப்படும். அது முடியும் வரை பொத்தானை அழுத்தினாலும் பக்கம் அசையாது. பக்கம் தெரிகிறது, ஆனால் இயங்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

விளம்பரங்கள், வருகைக் கணக்கீடு, சமூக ஊடகப் பொத்தான்கள், அரட்டைப் பெட்டிகள் ஆகியவை பிற தளங்களிலிருந்து வருபவை. ஒவ்வொன்றும் புதிய பெயர்த் தேடலையும் இணைப்பையும் கோரும். உருவாக்குநர் கருவிகளில் இவற்றை ஒவ்வொன்றாகத் தடுத்துவிட்டு அளந்தால் அதனதன் செலவு தெரியும். பயன் குறைந்தவற்றை நீக்குவதே சிறந்த தீர்வு.

## தமிழ்த் தளங்களுக்குரிய கூறுகள்

### எழுத்துகளின் அளவு

யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் கொண்டது. ஆகவே 15 பைட்டுகள். ஆனால் இந்தப் பெருக்கம் அஞ்ச வேண்டியதன்று. மூன்று பைட்டுகளில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் ஒன்றே. இரண்டாவதற்கு இரண்டே மதிப்புகள்தான் உண்டு. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில் ஜிசிப், புரோட்லி போன்ற முறைகள் வல்லவை. ஆகவே வழங்கியில் உரைச் சுருக்கம் இயங்குகிறதா என்று பார்ப்பது தமிழ்த் தளங்களுக்கு ஆங்கிலத் தளங்களை விடவும் முக்கியம்.

### எழுத்துருக்கள்

இணையம்வழி எழுத்துரு அனுப்பப்படும்போது, அது வந்து சேரும் வரை குரோம், பயர்பாக்ஸ் உலாவிகள் 3 நொடி வரை எழுத்துகளைக் காட்டாமல் வைத்திருக்கும். உரை முழுதும் வந்திருந்தும் பக்கம் வெறுமையாகத் தெரிவது இதனால்தான். சிஎஸ்எஸ்ஸில் எழுத்துருக் காட்சி முறையை 'ஸ்வாப்' என அமைத்தால், கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவில் உரை உடனே தோன்றி, பின்னர் மாறும்.

எழுத்துருக் கோப்பைச் சிறிதாக்க, தேவையற்ற எழுத்துகளை நீக்கிவிடலாம். இங்குக் கவனம் தேவை. ஒருங்குறியில் 'கு', 'டூ' போன்றவற்றுக்குத் தனிக் குறியீடு இல்லை. மெய்யும் உயிர்க்குறியும் சேரும்போது எந்த வடிவத்தைக் காட்ட வேண்டும் என்னும் விதிகள் எழுத்துருவுக்குள்ளேயே உள்ளன. குறியீட்டு எல்லையை மட்டும் பார்த்து நறுக்கி, அந்த விதிகளையும் கூட்டு வடிவங்களையும் நீக்கிவிட்டால் உகர ஊகார எழுத்துகள் உடைந்து தெரியும். நறுக்கிய பிறகு உயிர்மெய் வரிசை முழுவதையும் ஒரு சோதனைப் பக்கத்தில் இட்டுப் பார்ப்பது நலம். தடித்த வடிவம், மெல்லிய வடிவம் என ஒவ்வொன்றும் தனிக் கோப்பு என்பதால் இரண்டுக்கு மேல் வைக்காதிருப்பது வேகத்துக்கு உதவும். கோப்பு வாஃப்2 வடிவில் இருக்க வேண்டும். அது ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவம்.

## தற்காலிகச் சேமிப்பு

ஒருமுறை செய்த வேலையை மறுமுறை செய்யாதிருப்பதே மிக விரைவான வழி. 'கேஷ்' எனப்படும் தற்காலிகச் சேமிப்பு மூன்று இடங்களில் அமையலாம்.

- உலாவியில்: மாறாத கோப்புகளுக்கு ஓராண்டு வரை ஆயுள் குறிப்பிடலாம். கோப்பு மாறும்போது அதன் பெயரில் பதிப்பெண்ணைச் சேர்த்தால் உலாவி புதியதைப் பெறும்.
- வழியில்: உள்ளடக்க வழங்கல் வலையமைப்பு நகல்களை வைத்திருக்கும்.
- வழங்கியில்: உருவாக்கிய பக்கத்தையோ வினவலின் விடையையோ நினைவகத்தில் வைத்திருக்கலாம். ரெடிஸ், மெம்கேஷ்டு ஆகியவை இதற்குப் பயன்படும் மென்பொருள்கள்.

தேர்வு முடிவு வெளியாகும் நாள் போல ஒரே நேரத்தில் பல இலட்சம் பேர் வரும் சூழலில் இது தளத்தையே காப்பாற்றும். ஆயினும் எதைச் சேமிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரின் கணக்கு விவரம் அடங்கிய பக்கத்தைப் பொதுச் சேமிப்பில் வைத்தால் அது மற்றொருவருக்குக் காட்டப்பட்டுவிடும். வேகத்துக்காகச் செய்யும் திருத்தங்களுள் தனியுரிமைக்குக் கேடு விளைவிக்கக் கூடியது இதுவே.

## ஹெல்த்கேர்.கவ் நிகழ்வு

அமெரிக்க அரசின் நலவாழ்வுக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. 36 மாநிலங்களின் மக்கள் அதனூடாகவே காப்பீட்டில் சேர வேண்டியிருந்தது. முதல் நாளில் ஆறு பேர் மட்டுமே சேர்ந்ததாகப் பின்னர் வெளியான அரசுக் குறிப்புகள் காட்டின.

திட்டங்களைப் பார்ப்பதற்கு முன்பே கணக்குத் தொடங்க வேண்டும் என்று தளம் அமைக்கப்பட்டிருந்ததால், கணக்குப் பதிவுப் பகுதியில் எல்லாரும் ஒருசேரக் குவிந்தனர். அடிக்கடி தேவைப்பட்ட தகவல்களும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்தே எடுக்கப்பட்டன. தளம் முழுவதும் எப்படி இயங்குகிறது என்பதை ஓரிடத்தில் காட்டும் அளவீட்டுப் பலகை இல்லை. மீட்புக்கு வந்த குழு முதலில் செய்தவற்றுள் அப்படியொரு பலகையை நிறுவியதும் ஒன்று. கூகுளில் பணியாற்றிய மைக்கி டிக்கர்சன் அக்குழுவில் முக்கியப் பங்காற்றினார். அளவுகள் கண்முன் வந்த பிறகு பழுதுகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. தற்காலிகச் சேமிப்பு சேர்க்கப்பட்டது. டிசம்பர் 1 அன்று வெளியான அரசு அறிக்கையின்படி 400க்கு மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டிருந்தன. சராசரி பதில் நேரம் 8 நொடியிலிருந்து 1 நொடிக்கும் கீழே வந்திருந்தது.

## செயல்முறைச் சுருக்கம்

1. எந்தப் பக்கம், எந்தக் கருவியில், எந்த இணைப்பில், எந்த நேரத்தில் மெதுவாகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் மெதுவெனில் பக்கத்தின் அமைப்பும், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மெதுவெனில் சுமையும் முதலில் ஐயத்துக்குரியவை.
2. திருத்துவதற்கு முன் அளந்து எண்களை எழுதி வைக்க வேண்டும்.
3. அருவி வரைபடத்தில் மிக நீண்ட பட்டையைக் கண்டறிய வேண்டும்.
4. அதற்குரிய ஒரே ஒரு திருத்தத்தைச் செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது.
5. அதே சூழலில் மீண்டும் அளக்க வேண்டும். பலன் இல்லையெனில் மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும்.
6. அடுத்த நீண்ட பட்டைக்குச் செல்ல வேண்டும்.
7. இலக்கை எட்டிய பின், பக்கத்தின் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு வைத்து மாதம் ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். புதிய படங்களும் செருகுநிரல்களும் சேரச் சேரத் தளம் மீண்டும் மெதுவாகும்.

## பொதுவான தவறுகள்

- கருவி தரும் 100க்கு இத்தனை என்ற மதிப்பெண்ணை மட்டும் துரத்துதல். மதிப்பெண் உயர்ந்தும் பயனரின் காத்திருப்பு குறையாமல் இருக்கலாம்.
- முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்தல். தேடுபொறியிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் உட்பக்கங்களிலேயே நுழைகின்றனர்.
- ஒரே வேலையைச் செய்யும் பல வேகச் செருகுநிரல்களைச் சேர்த்தல். அவை ஒன்றோடொன்று முரண்பட்டுப் பக்கத்தையே உடைக்கக்கூடும்.
- காரணம் அறியாமல் பெரிய வழங்கிக்கு மாறுதல். இன்டெக்ஸ் இல்லாத தரவுத்தளம் பெரிய வழங்கியிலும் சில மாதங்களில் மீண்டும் மெதுவாகும்.
- தன் கணினியில் விரைவாகத் திறப்பதால் பயனரின் புகாரைத் தள்ளிவிடுதல். விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் வைஃபையை அணைத்துவிட்டுத் தளத்தைத் திறந்து பார்ப்பது எந்தக் கருவியும் தராத செய்தியைத் தரும்.